வண்டி விடுத்த எச்சரிக்கை

மானாவாரி நில ஈரப்பத முகமையின் ஓட்டுநர் வைரக்கண்ணு பிறவிப் பயந்தாங்கொள்ளி அல்ல. குரும்பலூரில் அவரை அறிந்தவர்களைக் கேட்டால், இளவட்டமாக இருந்தபோது வீட்டுக்குள் புகுந்த கட்டுவிரியனைக் கம்பியில் தூக்கிக் காட்டில் கொண்டுபோய் விட்டவர் என்பார்கள். முகமையில் தற்காலிக ஓட்டுநராகச் சேர்ந்த பிறகுதான் அவருக்கு நடுக்கம் வந்தது. பதினோரு வருஷம் ஒரு மனிதனைத் தற்காலிகமாகவே வைத்திருந்தால் வேறு என்ன வரும்?

பெரம்பலூர்ப் பக்கத்து வறண்ட காடுகளில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளந்து சொல்வது முகமையின் வேலை. ஈரம் இல்லை என்பது ஆடு மேய்க்கிறவர்களுக்கே தெரியும். ஆனால் எவ்வளவு இல்லை என்பதைத் தசமப் புள்ளியோடு சொல்ல முகமையால்தான் முடியும். சனங்கள் அதை ஈர ஆபீஸ் என்றார்கள். அந்த ஈர ஆபீசுக்கு, சேற்றில் சிக்கினாலும் வெளியேறி வர வேண்டும் என்று, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஒரு வண்டியை வெளிநாட்டு உதவியில் கப்பலில் வரவழைத்துக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருஷமாகத் தேடியும் சேறு கிடைக்காததால் வண்டி தார் ரோட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் கார்த்திகையில் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. முன்பே ஒரு தடவை பிரிந்து, பிறகு சேர்ந்து, மறுபடி பிரிந்தது. முதல் பிரிவில் எழுதிய பெயர்ப்பலகைகளை யாரோ தொலைநோக்கோடு பரண்மேல் போட்டு வைத்திருந்ததால் அதிகச் சிரமம் இல்லை. சாமான்களைப் பிரிப்பதில்தான் சிக்கல் வந்தது. அதை இயக்குநர் சிவசுப்பிரமணியன் ஒரே வரியில் தீர்த்துவைத்தார்.

"ஒத்தப்படை நம்பர் பெரம்பலூருக்கு. ரெட்டப்படை அரியலூருக்கு. ஒருத்தரும் பாரபட்சம்னு சொல்ல முடியாது பாருங்க."

இருப்புப் பதிவேட்டின்படி மேசை பெரம்பலூருக்கும் அதன் இழுப்பறைச் சாவி அரியலூருக்கும் போயின. ஈரப்பதமானி பெரம்பலூரில் தங்கியது, அதை மண்ணில் செருகும் ஊசி அரியலூருக்குப் போனது. 'வாகனங்கள்' என்ற தலைப்பின் கீழே வரிசை எண் 41 வண்டி, 42 அதன் ஸ்டெப்னி, 43 ஜாக்கி, 44 சக்கரம் கழற்றும் ஸ்பேனர், 46 வண்டியோடு வந்த விளக்கப் புத்தகம். நாற்பத்திரண்டையும் நாற்பத்துநான்கையும் நாற்பத்தாறையும் வைரக்கண்ணுவே கொண்டுபோய் அரியலூரில் இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கி வந்தார். ஸ்டெப்னி இருந்த பின்கதவில் மூன்று போல்ட்டுகள் மட்டும் துருத்திக்கொண்டு நின்றன.

மறுநாள் காலை செந்துறைக்குப் போகும் வழியில், சுண்ணாம்புக்கல் லாரிகள் முன்னும் பின்னும் தூசி கிளப்பிக்கொண்டு போகையில், ஸ்டியரிங்குக்கு எதிரே ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கத் தொடங்கியது. ஒரு நிமிஷம் மினுக்கிவிட்டு நிலையாக எரிந்தது. சட்டியை நடுவில் அறுத்துவைத்தது போன்ற ஒரு கோடு, அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி. வைரக்கண்ணு வேகத்தைக் குறைத்தார்.

"சார், லைட்டு ஒண்ணு எரியுதுங்க."

பின்சீட்டிலிருந்து இயக்குநர் எட்டிப் பார்த்தார். அவர் தமிழ் இலக்கியம் படித்துவிட்டு மண் ஈரத்துக்கு வந்தவர்.

"ஆச்சரியக்குறிதானே போட்டிருக்கான்? பயப்படாத. ஆபத்துன்னா கேள்விக்குறி போட்டிருப்பான்."

வைரக்கண்ணு பயப்படாமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. இயக்குநரைச் செந்துறையில் இறக்கிவிட்டு, அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த அமாவாசையிடம் வண்டியைக் கொண்டுபோனார். அமாவாசை குந்தி உட்கார்ந்து நாலு டயரிலும் காற்றை அளந்தார்.

"நாலும் முப்பத்திரெண்டு. கல்லு மாதிரி இருக்கு. ஆனா இது காத்து லைட்டுதான் தம்பி. சிமெண்ட் கம்பெனி வண்டியில பாத்திருக்கேன். சக்கரத்துக்குள்ளாற பொட்டி மாதிரி ஒண்ணு வெச்சிருப்பான். காத்து கொறஞ்சா அது சொல்லும், இது எரியும்."

"கொறையலியே அண்ணே. அப்புறம் எதுக்கு எரியுது?"

"அது தெரியல. ஆனா இப்பிடியே வுட்டுறாதீங்க. எப்பவும் எரிஞ்சிக்கிட்டே இருந்தா நெசமாவே காத்து எறங்கறப்ப எப்பிடித் தெரியும்? இந்த ரோட்டுல முன்டயரு வெடிச்சா, பின்னால வர்ற லாரிக்காரன் பிரேக்கு போடறதுக்குள்ள அவன் வண்டி உங்க மேல நிக்கும். ஆபீஸ்ல எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். அதுதான் அவர் செய்த தப்பு. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறவன்கூட அது ஓணான் என்று தெரிந்துதான் விட்டுக்கொள்கிறான். வைரக்கண்ணு அன்றைய லாக் புக்கில் தம் குண்டு குண்டு எழுத்தில் இப்படி எழுதினார்: 'வண்டி ஓட்டுநருக்கு எச்சரிக்கை கொடுக்கிறது. தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்.'

லாக் புக் கண்காணிப்பாளர் சசிகலாவின் மேசைக்குப் போனது. சசிகலா கெட்டவர் அல்ல. ஓட்டுநர்களுக்குத் தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்து தருகிறவர். ஆனால் இருபத்திரண்டு வருஷம் பணியாளர் கோப்புகளுக்கு நடுவிலேயே இருந்ததால், எச்சரிக்கை என்ற சொல்லுக்கு அவரிடம் ஒரே பொருள்தான் உண்டு. அது தவறு செய்த ஊழியருக்கு வழங்கப்படுவது. பணிப்பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறுவது. மூன்று ஏறினால் ஆள் வீட்டுக்குப் போவது.

அவர் வைரக்கண்ணுவைக் கூப்பிட்டு எதிரே நிற்கவைத்தார்.

"யாருங்க உங்களுக்கு எச்சரிக்கை குடுத்தது?"

"வண்டிதாங்க மேடம்."

"எழுத்துப்பூர்வமாவா, வாய்மொழியாவா?"

"வெளக்கு எரிஞ்சுதுங்க."

சசிகலா யோசித்து 'ஒளி வடிவில்' என்று எழுதினார். "நீங்க அதை வாங்கிக்கிட்டீங்களா?"

"பாத்தேன் மேடம்."

"பாத்தா வாங்கிக்கிட்ட மாதிரிதான். தபால்ல வந்ததைப் பாத்துட்டு வாங்கலைன்னு சொல்ல முடியுமா? சரி, தக்க நடவடிக்கைன்னு எழுதியிருக்கீங்க. யார் மேல?"

"மேடம், நான் காத்தப் பத்தி எழுதினேன்."

"காத்துன்னு ஒரு எழுத்துகூட இதுல இல்லையே வைரக்கண்ணு."

வைரக்கண்ணு திரும்பப் படித்துப் பார்த்தார். உண்மைதான். காற்று என்று எங்கேயும் எழுதவில்லை.

வண்டிக்கு எச்சரிக்கை வழங்கும் அதிகாரம் உண்டா என்ற கேள்வியில் கோப்பு இரண்டு நாள் நின்றது. அதற்குள் இந்தப் பைத்தியக்காரத்தனம் யாருக்காவது உறைத்துவிடும் என்று வைரக்கண்ணு நம்பினார். இயக்குநருக்கு உறைக்கவில்லை. அவர் ஊழியர்களைக் கூட்டிவைத்து விளக்கம் சொன்னார்.

"ஒரு நிர்வாகம்னா மேல இருக்கிறது கீழ இருக்கிறத எச்சரிக்கும். இதுதான் அடிப்படை. இந்த வண்டி முகமையோட முதல் நிலைச் சொத்து. வைரக்கண்ணு தற்காலிகம். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு, அவருக்கு இருக்கா? வண்டி போனா நான் மேலிடத்துக்குப் பதில் சொல்லணும். அவர் போனா நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. அப்போ யாரு மேல, யாரு கீழ? நீங்களே சொல்லுங்க."

அன்று மாலையே வைரக்கண்ணுவின் பணிப்பதிவேட்டில் சிவப்பு மை ஏறியது: 'ஓட்டுநருக்கு வாகனத்தால் முதல் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. பெற்றுக்கொண்டதை ஒப்புக்கொண்டார்.'

வேறு சமயமாக இருந்தால் அவர் இதைச் சிரித்துத் தள்ளியிருப்பார். ஆனால் தற்காலிக ஓட்டுநர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் அந்த டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி சென்னைக்குப் போக இருந்தது. பதினோரு வருஷத்தில் முதல் பட்டியல் அது. அடுத்தது எப்போது வரும் என்று கடவுளுக்கும் தெரியாது. பட்டியலில் அவர் பெயர் இருந்தது. மூன்று எச்சரிக்கை வாங்கினால் பெயரும் போகும், வேலையும் போகும். வண்டியிலோ சாவியைத் திருப்பும்போதெல்லாம் விளக்கு எரிந்தது.

அன்றிலிருந்து அவருக்கு இரண்டு பயம். டயர் வெடித்துவிடும் என்பது ஒன்று. டயர் வெடித்துவிடும் என்று விளக்கு சொல்வதை யாராவது பார்த்துவிடுவார்கள் என்பது மற்றொன்று. முதல் பயம் ரோட்டில் மட்டும் இருந்தது. இரண்டாவது சோற்றுத் தட்டுவரைக்கும் கூட வந்தது. சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றை அளைந்துகொண்டே இருப்பதைப் பார்த்து மனைவி மலர்க்கொடி கேட்டாள்.

"ஏங்க, அந்த லைட்டுதானே பிரச்சினை? எம்மாம் பெருசு இருக்கும்?"

"ஒரு ரூவாக் காசு அளவு."

அவள் எழுந்துபோய்க் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்த பெரிய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். அரக்கு நிறப் பொட்டு. "இத ஒட்டிடுங்க. ஆரு பாக்கப் போறாங்க?"

மறுநாள் காலை வைரக்கண்ணு விளக்கின்மேல் பொட்டை ஒட்டினார். கச்சிதமான அளவு. ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி மஞ்சள் கசிந்தது. பத்து நாள் நிம்மதி. பதினோராம் நாள் இயக்குநர் முன்சீட்டில் உட்கார்ந்தார்.

"அடடே, வண்டிக்குப் பொட்டெல்லாம் வெச்சிருக்க. நல்ல பழக்கம்" என்றார். பிறகு உற்றுப் பார்த்தார். "இது அந்த ஆச்சரியக்குறி இருந்த எடம்தானே?"

இரண்டாவது எச்சரிக்கை, 'மேலான சொத்து விடுத்த எச்சரிக்கையை மங்கலப் பொருளால் மறைத்த குற்றத்துக்காக' வழங்கப்பட்டது. சசிகலா வண்டியைப் பார்க்க வந்தபோது வைரக்கண்ணு பொட்டை உரிக்கப் போனார்.

"தொடாதீங்க!" என்றார் சசிகலா. "அது இப்போ சான்றுப் பொருள்." பொட்டின்மேல் பால்பாயிண்ட் பேனாவால் தம் சுருக்கொப்பத்தையும் தேதியையும் போட்டார். எச்சரிக்கையை மறைத்ததற்குத் தண்டனை பெற்ற பிறகு, எச்சரிக்கை அதிகாரபூர்வமாகவே மறைந்துகொண்டது.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. டிசம்பர் முடியப் பதினைந்து நாள் இருந்தது. வைரக்கண்ணு மறுபடி அமாவாசையிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, எப்பிடியாச்சும் இத அணைச்சுக் குடுங்கண்ணே. எம் பொழப்பே போயிரும்."

அமாவாசை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்கதவில் துருத்திக்கொண்டிருந்த போல்ட்டுகளைப் பார்த்து நின்றார்.

"அஞ்சாவது எங்க?"

"ஸ்டெப்னியா? அரியலூர் ஆபீசுக்குப் பிரிச்சுக் குடுத்தாச்சு."

"என்னிக்கு?"

"லைட்டு எரியறதுக்கு முந்துன நாள்."

அமாவாசை நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட மனுசா! அஞ்சு சக்கரத்துலயும் பொட்டி இருக்கும்யா. ஒண்ணு பதில் சொல்லலைன்னா வண்டி தேடும்ல? பெத்தவ ஒரு புள்ளையக் காணலைன்னா சும்மா இருப்பாளா?"

பரிசோதிக்க இரண்டு தெரு தள்ளியிருந்த அரியலூர்க் கிளைக்கே வண்டியை விட்டார்கள். கிடங்கின் சுவரையொட்டி நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பொட்டின் ஓரத்திலிருந்த மஞ்சள் நூல் மறைந்தது. வைரக்கண்ணுவின் கண் கலங்கிவிட்டது. மூன்று வாரம் தம்மைக் கொன்றுகொண்டிருந்தது ஒரு குற்றமும் இல்லை, ஒரு பிரிவு ஏக்கம்தான் என்று தெரிந்தபோது அவருக்கு அந்த வண்டியைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

கிடங்குக்குள்ளே போனார். ஸ்டெப்னி ஒரு மணைமேல் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு, காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"நீங்க ஆரு தம்பி?"

"பூமாலைங்கண்ணே. டிரைவரு."

"எந்த வண்டிக்கு?"

பூமாலை ஸ்டெப்னியைக் கையால் காட்டினான். வாகனங்கள் என்ற தலைப்பில் அரியலூருக்கு ஒரு பொருள் வந்துவிட்டது. வாகனம் இருந்தால் ஓட்டுநர் பணியிடம் உண்டு. புது மாவட்டம், புதுப் பணியிடம், ஆகவே எடுத்த எடுப்பிலேயே நிரந்தரம். பூமாலை தன் லாக் புக்கையும் காட்டினான். ஒவ்வொரு நாளும் 'ஓடிய தூரம்: இல்லை. டீசல்: இல்லை' என்று அழகாக எழுதியிருந்தான்.

"எச்சரிக்கை ஒண்ணும் வர்றதில்லையா?"

"இதுல லைட்டே இல்லையேண்ணே."

வைரக்கண்ணு அரியலூரின் தனி அலுவலர் பெரியசாமியிடம் போய், ஸ்டெப்னியை வண்டியோடு சேர்த்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும் என்று கெஞ்சினார். பெரியசாமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது நியாயம்தாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. அதைக் குடுத்துட்டா எங்க வாகனப் பிரிவு என்னாகும்? ஒரு டிரைவர் இருக்காரு, ஒரு வாகன எழுத்தர் கேட்டிருக்கேன், ஷெட்டு கட்ட எஸ்டிமேட் போயிருக்கு. ஒரு சக்கரத்தை நம்பி இத்தனை பேர் இருக்கோம். நீங்க நாலு சக்கரம் வெச்சுக்கிட்டு ஒருத்தர்தானே இருக்கீங்க?"

வைரக்கண்ணு திரும்பி வந்தார். கிடங்கைத் தாண்டியதும் பொட்டின் ஓரம் மஞ்சளாயிற்று.

டிசம்பர் முப்பத்தொன்று. இயக்குநருக்கு அரியலூரில் பதினோரு மணிக்குக் கூட்டம். சசிகலா நிரந்தரப் பட்டியலை எடுத்துக்கொண்டு அரியலூரிலேயே ரயிலேறிச் சென்னைக்குப் போகவேண்டும். இருவரும் பின்சீட்டில். பட்டியல் பழுப்பு உறைக்குள் சசிகலாவின் மடியில். உறை இன்னும் ஒட்டப்படவில்லை. வைரக்கண்ணு கண்ணாடியில் ரோட்டைப் பார்த்ததைவிட அந்த உறையைத்தான் அதிகம் பார்த்தார்.

அரியலூருக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது ஸ்டியரிங் லேசாக இடது பக்கம் இழுத்தது. நிமிர்த்தினார். மறுபடி இழுத்தது. முன்சக்கரத்தில் காற்று இறங்குகிறது என்று உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. விளக்கோ எப்போதும்போல் பொட்டுக்கு அடியில் எரிந்துகொண்டிருந்தது. பின்னால் கல் ஏற்றிய லாரி ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு நெருங்கியது.

நிறுத்தினால் ஏன் என்று சொல்ல வேண்டும், சொன்னால் மூன்றாவது எச்சரிக்கை, சசிகலா மடியிலுள்ள உறையிலிருந்து பெயர் போகும். நிறுத்தாவிட்டால் மூன்று கிலோமீட்டர்தான், தாக்குப்பிடித்தாலும் பிடிக்கும். மலர்க்கொடி முகம் வந்தது. பின்சீட்டிலிருந்த இருவரின் முகமும் வந்தது. அவர்களும் யாருக்கோ வேண்டியவர்கள்தானே என்று தோன்றிவிட்டது. நல்லவனாக இருப்பதைப் போன்ற தொல்லை உலகத்தில் கிடையாது. வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்தினார். லாரி காதைப் பிய்த்துக்கொண்டு ஒரு முழத் தூரத்தில் கடந்துபோனது. வண்டியே ஆடியது.

"யாருய்யா நிறுத்தச் சொன்னது?" என்று கத்தினார் இயக்குநர். முகத்தில் ஈரம் வழிந்தது. முகமையின் வரலாற்றில் கருவியில்லாமல் கண்டறியப்பட்ட முதல் ஈரம் அதுதான்.

"காத்து எறங்குதுங்க சார்."

"எச்சரிக்கை வந்துச்சா?" என்றார் சசிகலா. அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டார்.

"வெளக்குல வரலைங்க மேடம். என் கை சொல்லுச்சு."

"கை யாரோடது?"

"என்னோடதுதாங்க."

சசிகலா கொஞ்சம் யோசித்தார். "தற்காலிகப் பணியாளர் யாருக்கும் எச்சரிக்கை வழங்க முடியாது. தனக்குத்தானேகூட. இது செல்லாது" என்று பேனாவை மூடினார். உயிர் திரும்பி வந்தாற்போல் இருந்தது வைரக்கண்ணுவுக்கு.

இறங்கிப் பார்த்தார்கள். டயர் தரையோடு அப்பிக்கொண்டிருந்தது. ஜாக்கி இருந்தது. ஸ்பேனர் அரியலூரில். மாற்றுச் சக்கரம் அரியலூரில். இயக்குநர் செல்போனில் பெரியசாமியைப் பிடித்து முதலில் அதட்டினார், பிறகு கேட்டுக்கொண்டார், கடைசியில் கெஞ்சினார். அவர் கெஞ்சுவதை ஊழியர்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பெரியசாமி ஒரே நிபந்தனையில் ஒப்புக்கொண்டார். சக்கரத்துக்குச் சக்கரம். இருப்பு எண்ணிக்கை குறையக் கூடாது. பழுதான சக்கரம் அரியலூர்ப் பதிவேட்டில் ஏறிவிட வேண்டும்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கானல் நடுவே ஒரு காக்கிச் சட்டை தெரிந்தது. பூமாலை ஸ்டெப்னியைக் கையால் உருட்டிக்கொண்டு வந்தான். ஸ்பேனரை இடுப்பில் செருகியிருந்தான். வந்து சேர்ந்ததும் மூச்சு வாங்க லாக் புக்கை எடுத்து, 'ஓடிய தூரம்: மூன்று கிலோமீட்டர்' என்று எழுதி, பெருமையோடு இயக்குநரிடம் கையெழுத்து வாங்கினான்.

வைரக்கண்ணு சக்கரத்தை மாற்றினார். கையைத் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கைக்குப் போனபோது அங்கே பூமாலை உட்கார்ந்திருந்தான்.

"நான் என்னண்ணே செய்யட்டும்?" என்று அவனே சங்கடப்பட்டான். "மேடம்தான் ஏறச் சொன்னாங்க."

"அவரோட வாகனம் இந்த வண்டியில சேந்திடுச்சு" என்று விளக்கினார் சசிகலா. "நிரந்தர ஓட்டுநர் இருக்கும்போது தற்காலிகம் ஓட்டக் கூடாது. விதி."

வைரக்கண்ணு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ நான்?" என்றார்.

இயக்குநர் அந்த லாரி போன திசையைப் பார்த்தார். பிறகு வைரக்கண்ணுவைப் பார்த்தார். அவருக்கும் உள்ளே ஏதோ ஓர் ஓரத்தில் ஈரம் இருந்திருக்க வேண்டும். "சசிகலா, இவருக்கு ஏதாவது செய்ய முடியுமா?"

சசிகலா ரயிலுக்கு நேரமாவதையும் பார்க்காமல் முழங்கால்மேல் தாளை வைத்து எழுதினார். பூமாலை இருந்த இடம் இப்போது காலி. அது நிரந்தரப் பணியிடம். வாகனங்கள் தலைப்பில் அரியலூரில் ஏறும் பொருள் காற்றில்லாத சக்கரம். அதற்கு ஓட்டுநர் வேண்டும். வண்டி கொடுத்த எச்சரிக்கைகள் வண்டி ஓட்டுநருக்கு உரியவை, சக்கரத்தின் ஓட்டுநரைக் கட்டுப்படுத்தாது. இயக்குநர் பானெட்டின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். நகல் பழுப்பு உறைக்குள் போனது. மூலத்தை வாங்கிய வைரக்கண்ணு, 'நிரந்தரமாக' என்ற சொல்லை விரல் வைத்துப் படித்தார். பதினோரு வருஷம். ரோட்டோரத்திலேயே அழுதுவிட்டார்.

"அண்ணே" என்று பூமாலை கிளம்பும்போது கேட்டான், "இந்தப் பொட்டுக்கு அடியில என்ன இருக்கு?"

"அது கெடக்கட்டும் தம்பி. நீங்க கையால பாத்து ஓட்டுங்க."

சக்கரத்தை அரியலூர்க் கிடங்கில் சேர்த்த பிறகு, உத்தரவின் கடைசி வரியை அவர் சாயங்காலம்தான் படித்தார். 'மேற்படி சக்கரத்தில் காற்று ஏறி, அது பயன்பாட்டுக்கு உகந்ததாகும் நாளில் இப்பணியிடம் தானாகவே ரத்தாகும்.'

பொங்கலுக்கு முந்தின வாரம், சேதி கேள்விப்பட்டு அமாவாசை கிடங்குக்கு வந்தார். கையில் பஞ்சர் ஒட்டும் சாமான்கள், தோளில் காற்றடிக்கும் பம்பு. வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார்.

"நிரந்தரம் ஆயிட்டீங்களாமே! எங்கிட்டச் சொல்லவே இல்ல. அந்தச் சக்கரத்த எடுங்க. ஆணிதான் ஏறியிருக்கும். ரெண்டு நிமிசத்துல ஒட்டிக் காத்தடிச்சுத் தந்துர்றேன். நம்ம சந்தோசத்துக்கு."

வைரக்கண்ணு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். ஓடிப்போய் மணைமேல் கிடந்த சக்கரத்தின்மேல் குப்புற விழுந்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"வேணாண்ணே! உங்களக் கும்புடறேன், காத்து மட்டும் அடிச்சுராதீங்க!"

அமாவாசை பம்பைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. சாமான்களோடு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அவர் தெருமுனை திரும்பும்வரை வைரக்கண்ணு எழுந்திருக்கவில்லை. எழுந்த பிறகு டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போயிற்று. அதற்கப்புறம்தான் அவர் டீ குடிக்கப் போனார்.